சிங்கப்பூர் இரவுப் பந்தயம்: முதல்முறை போகிறவர்களுக்கு

கேள்வி: அக்டோபரில் சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் பந்தயத்தை நேரில் பார்க்க ஆசை. டிக்கெட் வகைகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதை வாங்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: அடிப்படையில் இரண்டு வகைதான். ஒன்று, கிராண்ட்ஸ்டாண்ட் எனும் பார்வையாளர் மாடத்தில் எண் போட்ட இருக்கை. மற்றொன்று ‘வாக்அபவுட்’. இதில் இருக்கை கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும். நல்ல இடம் வேண்டுமானால் இரண்டு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். பந்தயம் நடக்கும் மரினா பே தடத்தைச் சுற்றி நான்கு மண்டலங்கள் உண்டு. நான்காம் மண்டல வாக்அபவுட்டை வைத்துக்கொண்டு பிட் (கார்களுக்கு டயர் மாற்றும் இடம்) இருக்கும் முதல் மண்டலத்துக்குள் போக முடியாது. அதற்குப் பிரீமியர் வாக்அபவுட் வேண்டும். பெற்றோரோ குழந்தைகளோ கூட வந்தால் யோசிக்காமல் இருக்கையே வாங்குங்கள்.

எந்த இருக்கை என்பதுதான் முக்கியம். நீண்ட நேர்சாலையின் நடுவில் வாங்க வேண்டாம். மணிக்கு 300 கி.மீ. என்றால் வினாடிக்கு 83 மீட்டர். கழுத்தைத் திருப்புவதற்குள் கார் போய்விடும். பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் வளைவில் உட்கார்ந்தால்தான் ஓட்டுநரின் திறமை கண்ணுக்குத் தெரியும். ராஃபிள்ஸ் புலவார் சாலை முடிகிற 7-ஆம் வளைவு அப்படிப்பட்ட இடம். ஓவர்டேக் செய்யும் முயற்சிகள் அங்கே அதிகம். பாட்டுக் கச்சேரியும் வேண்டும் என்பவர்களுக்குப் படாங் திடல் பக்கம் பொருத்தம். கார்கள் அங்கே வேகம் குறைந்து திரும்பும், பெரிய மேடையும் அருகிலேயே இருக்கிறது.

வரிசையைப் பொறுத்தவரை மேலே போகப் போக நல்லது. ஊருக்குள் போட்ட தடம் என்பதால் சுற்றிலும் உயரமான கம்பிவலை. கீழ்வரிசையில் உட்கார்ந்து நேர் எதிரே பார்த்தால் வலை அவ்வளவாக உறுத்தாது. கார் வரும் திசையில் சாய்வாகப் பார்க்கும்போதோ கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சுவர்போல மறைத்துவிடும். பெரிய திரை ஒன்று கண்ணுக்கு நேராக இருக்கிறதா என்றும் வரைபடத்தில் பாருங்கள். 62 லேப் (சுற்று) பந்தயத்தில் மீதிச் சாலையில் நடப்பதை அந்தத் திரைதான் காட்டும்.

இன்னொன்று: 2023-இல் நான்கு வளைவுகளை எடுத்துவிட்டுத் தடத்தை நேராக்கினார்கள். 23 வளைவுகள் 19 ஆயின. பின்பகுதி வளைவுகளின் எண்களும் மாறிவிட்டன. அதற்கு முன் எடுத்த வீடியோவைப் பார்த்து இருக்கை தேர்ந்தெடுத்தால் ஏமாறுவீர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனால் போதாதா?
– வாசகி, மதுரை

பதில்: பணம் இடம் கொடுத்தால் மூன்று நாளும் போங்கள். அதிலும் 2026-இல் சிங்கப்பூருக்கு முதன்முறையாக ஸ்பிரிண்ட் எனும் குறுகிய பந்தயமும் வருகிறது. அதனால் வெள்ளியன்று பயிற்சியோடு ஸ்பிரிண்டில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச்சுற்றும் நடக்கும். சனியன்று ஸ்பிரிண்டும், ஞாயிறு பந்தயத்துக்கான தகுதிச்சுற்றும் உண்டு. நுழைவாயில், கழிப்பறை, தண்ணீர்க் குழாய், ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழி இவற்றையெல்லாம் வெள்ளியன்றே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு கூட்டத்தில் அதற்கு வழியே இருக்காது.

கேள்வி: ஆறு வயது மகனை அழைத்துப் போகிறோம். சத்தம் தாங்குவானா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: காதுக்குப் பாதுகாப்பு கட்டாயம். 2014-இல் வந்த வி6 (ஆறு சிலிண்டர்) டர்போ இன்ஜின்கள் பழைய வி8 (எட்டு சிலிண்டர்) அளவுக்கு அலறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இரு பக்கமும் சுவரும் கட்டடமும் இருப்பதால் சத்தம் மோதித் திரும்பி வரும். பஞ்சு இயர்பிளக் சிறுவர் காதில் நிற்காது; காதை முழுக்க மூடும் இயர்மஃப் வாங்கி, வீட்டிலேயே அரைமணி நேரம் போட்டுப் பழக்குங்கள். அங்கே போய்ப் புதிதாக மாட்டினால் கழற்றி எறிந்துவிடுவான். பெரியவர்கள் இயர்பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை.

கேள்வி: மழை பெய்தால் ரத்தாகுமா?
– வாசகர், சென்னை

பதில்: பெரும்பாலும் காத்திருப்புதான். 2022-இல் மழையால் தொடக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது, பந்தயம் நடந்தது. கூரை இல்லாத இருக்கைகளே அதிகம். குடை பின்னால் இருப்பவரை மறைக்கும். ஆளுக்கொரு மெல்லிய ரெயின்கோட், போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை போதும். இரவானாலும் புழுக்கம் குறையாது, ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். நடந்து பழகிய ஷூவையே போடுங்கள். புது ஷூ முதல் நாளே காலைக் கடித்துவிடும்.

கேள்வி: பணம், போக்குவரத்து?
– வாசகர், சேலம்

பதில்: நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே இருக்கும். கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் அதை இயக்கி, வரம்பையும் வைத்துவிடுங்கள். விசா வாங்கிய பிறகும், போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். தடத்தைச் சுற்றிச் சாலைகள் மூடியிருக்கும் என்பதால் டாக்சியை நம்ப வேண்டாம். பிட் பக்கத்துக்குப் பிராமனாட், படாங்குக்குச் சிட்டி ஹால் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம். டிக்கெட்டில் எந்த வாயில் போட்டிருக்கிறதோ அதற்கு அருகிலுள்ள நிலையத்தில் இறங்குங்கள். தவறான பக்கம் இறங்கினால் தடத்தைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் நடக்க வேண்டிவரும்.