டைல்ஸ் இருக்கட்டும், தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி: பழைய பாத்ரூமைப் புதுப்பிக்கிறோம். டைல்ஸ் எல்லாம் தேர்ந்தெடுத்தாயிற்று. வேறென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: எல்லோரும் டைல்ஸிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்! என் கவலையெல்லாம் அதற்கு அடியில்தான். தரையை உடைத்ததும் வாட்டர்ப்ரூஃபிங், அதாவது தண்ணீர் கசியாமல் தடுக்கும் பூச்சு, பூசச் சொல்லுங்கள். தரையோடு நிறுத்திவிடுவார்கள், விடாதீர்கள். ஷவர் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏற வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையிலும், குழாய் வெளியே வரும் இடத்திலும்தான் ஒழுகும். அங்கே அதற்கான டேப் ஒட்டி இரண்டு கை பூச வேண்டும். காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டு, கசிகிறதா என்று பாருங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

தரையின் வாட்டம், அதாவது சரிவு, மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை, வடிகாலை நோக்கி. டைல்ஸ் ஒட்டும்போதே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தரைக்குப் பளபளப்பு வேண்டவே வேண்டாம், சொரசொரப்பானதே போதும்.

அப்புறம், சுவருக்குள் போகும் குழாய்களை அழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே மூட விடுங்கள். மூடுவதற்கு முன், குழாய்க்குப் பக்கத்தில் அளவு நாடாவை விரித்துப் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் டவல் கம்பிக்குத் துளை போடுகிறவர் குழாயில் போடாமல் இருப்பார்.