கோயிலும் ஆறும் ஒரே பயணத்தில்: இந்தோனேசியாவில் எட்டு நாள்

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. இந்தோனேசியாவுக்கு எட்டு நாள் போகலாம் என்றிருக்கிறோம். கேட்டவர்கள் எல்லாம் பாலி என்கிறார்கள். எங்களுக்குப் பழைய கோயில்களும் ஆற்றோர வாழ்க்கையும் பார்க்கத்தான் ஆசை. மனைவி சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். நான் மீன் சாப்பிடுவேன். இருவருக்கும் நீச்சல் தெரியாது. எங்கே போகலாம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (திருச்சி வாசகர்)

பதில்: இரண்டே ஊர் போதும். கோயிலுக்கு ஜாவாவில் யோக்யகர்த்தா, நான்கு இரவு. ஆற்றோர வாழ்க்கைக்கு, போர்னியோ தீவின் தெற்குக் கலிமந்தான் மாகாணத்தில் பஞ்சார்மாசின், மூன்று இரவு. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கிருந்து யோக்யகர்த்தாவுக்குப் பறக்கலாம். அப்புறம் சுரபாயா வழியாகப் பஞ்சார்மாசின். மூன்றாவதாக ஓர் ஊரைச் சேர்த்தால் பாதி நாள் விமான நிலையத்திலேயே போய்விடும்.

முதலில் பிரம்பானான். 9ஆம் நூற்றாண்டுக் கோயில். நடுவிலிருக்கும் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். அன்றாடப் பூசை கிடையாது. அர்ச்சனைத் தட்டோடு போகிற இடமல்ல. ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டுக் கிளம்புவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கிழக்குப் படியில் ஏறி, வழக்கம்போல் வலம் வாருங்கள். இடக்கைப் பக்கம், கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில், ராமாயணம் தொடங்குகிறது. முதலில் பாம்பணையில் திருமால், பக்கத்தில் கருடன். அங்கிருந்து கதை காட்சி காட்சியாக நகர்ந்து, பக்கத்துப் பிரம்மா கோயிலில் போய் முடிகிறது. எதிர்த்திசையில் சுற்றினால் கதை தலைகீழாகிவிடும்.

சிவன் கோயிலுக்கு நான்கு பக்கமும் வாசல். கிழக்கு வாசல் வழியே நடு அறையில் சிவன், வடக்கே மகிஷாசுரமர்த்தினி, மேற்கே பிள்ளையார். தெற்கு அறையில் தாடியும் தொந்தியுமாக நிற்பவர் அகத்தியர்! பொதிகை மலை முனிவரை ஜாவாவில் ஒரு சிவன் கோயிலின் தென்திசையில் பார்ப்பது எத்தனை முறை போனாலும் எனக்குச் சிலிர்ப்புத்தான். அறைகள் இருட்டு, சின்ன டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே விடும் ஏற்பாடு அவ்வப்போது மாறும் என்பதால் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி இருந்தால் வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுவது நல்லது.

அடுத்து, யோக்யகர்த்தாவுக்கு அருகிலுள்ள பெரிய பௌத்தத் தலமான போரோபுதூர். அங்கே மேலே ஏற நேரம் குறித்த தனிச் சீட்டு வேண்டும். ஊரில் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

சரி, சாப்பாடு. அங்கே "சைவம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லாத தட்டு வரும், ஆனால் இறால் இருக்கும். தெராசி என்கிற புளிக்கவைத்த இறால் விழுது, சம்பால் எனப்படும் மிளகாய்ச் சட்னியில் கலந்திருக்கும். காய்கறிக் குழம்பிலும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, வாசனையில்தான் பிடிபடும். கூடவே வைக்கும் அப்பளம் போன்ற கெருப்புக்கும் பெரும்பாலும் இறால்தான். அதனால் எது வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: "தன்பா தெராசி, தன்பா இக்கான், தன்பா தெலூர்." தன்பா என்றால் "இல்லாமல்", இக்கான் மீன், தெலூர் முட்டை. ஒரு சீட்டில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது.

உங்கள் மனைவிக்குக் கைகொடுக்கப்போவது தெம்பே. சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது. பொரித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்கும். சோறு, தெம்பே, அவித்த கீரையின்மேல் வேர்க்கடலைச் சாறு ஊற்றிய பெசெல்: வாருங் எனப்படும் சாதாரணக் கடையிலேயே வயிறார முடியும். பெசெலின் சாற்றிலும் தெராசி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யோக்யகர்த்தாவின் குடெக், பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்கில் வேகவைத்தது. அதோடு கோழியும் முட்டையும் மாட்டுத்தோலும் சேர்ந்து வரும், சில இடங்களில் ஒரே சட்டியில் வெந்தும் இருக்கும். சைவக் குடெக் என்று தனியாகச் சமைக்கும் கடை கிடைத்தால் மட்டும் சாப்பிடட்டும். மாலையில் க்ளெபோன் வாங்கிக்கொடுங்கள். தேங்காய்த்துருவலில் புரட்டிய பச்சை உருண்டை. கடித்ததும் உள்ளிருக்கும் வெல்லப்பாகு பீறிடும், முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நம் கொழுக்கட்டைக்குத் தங்கைதான்.

பஞ்சார்மாசினுக்கு ஆயிரம் ஆறுகளின் நகரம் என்று பெயர். லோக் பாயிந்தான் என்ற மிதக்கும் சந்தை மர்த்தபுரா ஆற்றில் விடியும்போது கூடி, ஒன்பது மணிக்கெல்லாம் கலைந்துவிடும். நகரத்திலிருந்து குளோத்தோக் என்ற மோட்டார் படகில் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். வழிநெடுக வீடுகளின் பின்கட்டில் பல் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், ஆற்றில் குதிக்கும் பிள்ளைகள். சந்தையில் விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஓலையில் செய்த அகன்ற தாங்குய் தொப்பியோடு, ஜுகுங் என்னும் ஒல்லித் தோணியில் ஆரஞ்சும் வாழையும் குவித்துக்கொண்டு, உங்கள் படகின் விளிம்பைப் பிடித்தபடி பேரம் பேசுவார்கள். படம் மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள், ஒரு சீப்புப் பழமாவது வாங்குங்கள். அதுதான் அவர்கள் பிழைப்பு.

நீச்சல் தெரியாதவர்களுக்குக் குளோத்தோக் போதும். அகலமானது, கூரையும் உண்டு. முந்தின நாளே படகுக்காரரிடம் "பெலம்புங்" வேண்டும் என்று சொல்லி, மிதவைச் சட்டை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பேசி முடியுங்கள். ஜுகுங்கில் ஏறச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேண்டாம், அது லேசாகச் சாய்ந்தாலே ஆடும்.

அங்கே பலகாரங்களுக்குப் பொதுப்பெயர் வாடாய். அரிசிமாவும் தேங்காயும் சேர்ந்தவை நிறைய. முட்டை போட்டதும் உண்டு என்பதால் உங்கள் மனைவி கேட்டே வாங்கட்டும். உங்களுக்குக் கெதுப்பாத் கண்டாங்கான்: ஓலைக்குள் வெந்த அரிசிக்கட்டியும், தேங்காய்ப்பால் குழம்பில் ஹாருவானும். ஹாருவான் வேறொன்றுமில்லை, நம் விரால்தான். குழம்பு ஊற்றியிருந்தாலும் உள்ளூரார் கையால் உதிர்த்தே சாப்பிடுவார்கள். நீங்களும் தயங்க வேண்டாம்.

மே, ஜூன், ஜூலைதான் என் தேர்வு. மழை குறைந்திருக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு, வறண்ட ஆண்டுகளில், கலிமந்தானில் காட்டுத்தீப் புகை சூழும். மூச்சுத் தொந்தரவு இருந்தால் சிரமம். இந்தியர்களுக்கு 30 நாள் வருகை விசா உண்டு, இணையத்திலேயே முன்கூட்டி வாங்கிவிடலாம். இன்னொன்று: பஞ்சார்மாசின் கடிகாரம் யோக்யகர்த்தாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். போய் இறங்கியதும் நேரத்தை மாற்றிவிடுங்கள். படகுக்காரர் ஐந்து மணி என்றால் அந்த ஊர் ஐந்து மணி.