ஐபி முகவரியை கமாண்டில் மாற்றினால் ரீபூட்டில் பழையபடி ஆகிவிடுகிறதே, ஏன்?

லினக்ஸ் டெர்மினலில் மாற்றினால் உடனே வேலை செய்கிறது, ரீபூட் செய்தால் போய்விடுகிறது, கமாண்டில் ஏதாவது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. ‘ஐபி அட்ரஸ் ஆட்’ என்று அடிப்பது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) மட்டும்தான் போகிறது, எந்தக் கோப்பிலும் ஏறாது. பழைய கமாண்டான ஐஎஃப்கான்ஃபிக்கும் அதே கதைதான். நிலைக்க வேண்டுமென்றால் பூட் ஆகும்போது நெட்வொர்க்கை எழுப்புவது எந்த மென்பொருளோ அதனிடம் சொல்லுங்கள்: உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) சர்வர் என்றால் நெட்பிளான், டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர்.

இந்தக் கேள்விக்கு நான் ஓடி வந்து பதில் எழுதக் காரணம் பழைய வயிற்றெரிச்சல். ஓர் அலுவலகத்தில் பில் போடும் மென்பொருளுக்கென்று ஒரு உபுண்டு சர்வர். நான் அங்கே போய் ஒரு சுவிட்சை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், அவ்வளவுதான். சில நாள் கழித்து மின்சாரம் போய் வந்தது, சர்வரும் நல்லபடியாகவே எழுந்தது, ஆனால் ஒரு கணினியிலிருந்தும் பில் போட முடியவில்லை. போன் வந்தது. “கடைசியாகக் கை வைத்தது நீங்கள்தானே சார்?”

போய் மானிட்டரை மாட்டி ‘ஐபி ஏ’ போட்டுப் பார்த்தால், இஎன்பி3எஸ்0 என்ற நெட்வொர்க் கார்டில் 192.168.1.137. ரூட்டரின் டிஹெச்சிபி, அதாவது முகவரியைத் தானாக வழங்கும் வசதி, கொடுத்தது. பில் கணினிகள் எல்லாம் தேடிக்கொண்டிருந்ததோ 192.168.1.10-ஐ. நெட்பிளான் கோப்பைத் திறந்தால் ‘டிஹெச்சிபி4: ட்ரூ’ என்று மட்டும் இருக்கிறது, 10 என்ற எண்ணே அதில் இல்லை. அப்புறம் ரூட் (நிர்வாகி) கணக்கில், முன்பு அடித்த கமாண்டுகளைக் காட்டும் ‘ஹிஸ்டரி’ அடித்தேன். கிடைத்தது: ‘ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.10/24 டெவ் இஎன்பி3எஸ்0’. யாரோ எப்போதோ அடித்துவிட்டு, வேலை செய்கிறது என்று போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த சர்வர் ரீபூட்டே ஆகவில்லை, அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை. வேறு எந்தக் கணினியும் 10-ஐ வைத்திருக்கவில்லை என்று ‘ஆர்ப்பிங்’ போட்டுப் பார்த்துவிட்டு, அதை நெட்பிளான் கோப்பில் எழுதி, ‘நெட்பிளான் அப்ளை’ கொடுத்தேன். ரூட்டரில் டிஹெச்சிபி வரம்பிலிருந்தும் 10-ஐ விலக்கி வைத்தேன். பில் ஓடியது. என்னைக் குற்றம் சொன்னவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அது போகட்டும்.

இதைப் படித்துவிட்டு, கிராஃபிக்ஸில் நாலு கிளிக்கில் முடிகிற வேலைக்கு ஏன் கறுப்புத் திரை என்று கேட்பவர்கள் வருவார்கள். அந்த சர்வரில் டெஸ்க்டாப்பே கிடையாது சார். இன்னொரு கூட்டம், நெட்பிளான் வேண்டாம், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற நெட்வொர்க் சேவையே போதும் என்று வரும். போதும்தான், நெட்பிளானும் உபுண்டு சர்வரில் அதைத்தான் பின்னால் ஓட்டுகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உதவி கேட்பவர்கள் திரையை மொபைலில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்புகிறார்கள், பிழைச் செய்தியின் பாதி வெட்டுப்பட்டு, மீதியில் டியூப்லைட் வெளிச்சம். டெர்மினலில் இருப்பது எழுத்துதானே, காப்பி செய்து அனுப்பினால் என்ன?

சரி, உங்கள் விஷயம். நெட்வொர்க்மேனேஜர் என்றால் அதன் கமாண்டான ‘என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை’ கொடுத்து முகவரி, கேட்வே (வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரி), மெத்தட் மேனுவல் (தானாக வாங்காதே என்பது) மூன்றையும் ஒரே வரியில் போடுங்கள். இது நேர்மாறு: கோப்பில் ஏறிவிடும், ஆனால் ‘கனெக்‌ஷன் அப்’ கொடுக்கும்வரை நடைமுறைக்கு வராது. முகவரிக்குப் பின்னால் /24 (உள் நெட்வொர்க்கின் அளவு) போட மறக்காதீர்கள், விட்டுவிட்டால் /32, அதாவது ஒரே ஒரு முகவரி, என்று எடுத்துக்கொள்ளக்கூடும், பக்கத்துக் கணினியைக்கூட நேரடியாக எட்ட முடியாது.

எஸ்எஸ்ஹெச்சில் தூரத்திலிருந்து மாற்றுவதாக இருந்தால், நீங்கள் குறையாகச் சொன்ன அந்த மறதியே கைகொடுக்கும். முதலில் ‘ஷட்டவுன் -ஆர் +5’ கொடுத்துவிட்டு, ‘ஐபி’ கமாண்டில் மாற்றிப் பாருங்கள். தொடர்பு அறுந்தால் ஐந்து நிமிடத்தில் ரீபூட் ஆகிப் பழைய முகவரியோடு வந்து நிற்கும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ஷட்டவுன் -சி’ போட்டு ரீபூட்டை ரத்து செய்துவிட்டு, அப்புறம் கோப்பில் எழுதுங்கள். நெட்பிளானில் இதற்கென்றே ‘நெட்பிளான் ட்ரை’ இருக்கிறது, 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் தானாகப் பழையதற்குத் திரும்பிவிடும். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) என்று நீங்கள் சொல்லவில்லை, சொன்னால் கோப்பில் எழுத வேண்டிய வரிகளையும் கீழே போடுகிறேன்.