“எப்படியும் அவனுக்குத்தானே” என்ற கணக்கு

கேள்வி: எனக்கு வயது 68, மனைவிக்கு 63. தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 3,000 ரூபாய் வருகிறது. சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு என் பெயரில் இருக்கிறது. இன்று 90 லட்சம் போகும். ஓய்வுபெற்றபோது கையில் 44 லட்சம் இருந்தது, இப்போது 29 லட்சம். மகனின் தொழிலுக்காக அவ்வப்போது கொடுத்ததில் 15 லட்சம் போய்விட்டது. வீட்டை அவன் பெயருக்கு செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தை இப்போதே மாற்றித் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் 50 லட்சம் கடன் கிடைக்கும் என்கிறான். “எப்படியும் எனக்குத்தானே வரப்போகிறது, இப்போதே எழுதினால் பின்னால் வரியும் அலைச்சலும் மிச்சம்” என்பது அவன் வாதம். மகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோம். உயில் எழுதலாம் என்றால், அது அபசகுனம் என்று மனைவி அழுகிறார். வங்கியில் ஒருவர், ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் பத்து ஆண்டு கட்டினால் நூறு வயது வரை காப்பீடு தரும் வாரிசுத் திட்டம் இருக்கிறது என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் “எப்படியும் அவனுக்குத்தானே” என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. மகன் சொல்வதாக ஒரு முறை, நீங்களே இரண்டு முறை. (சுருக்கி வெளியிட்டதில் உங்களுடைய இரண்டும் விழுந்துவிட்டன.) 15 லட்சம் கரைந்தது தொழில் நஷ்டத்தால் அல்ல, இந்தச் சொல்லால்தான். செத்த பிறகு பிரிய வேண்டிய சொத்தை உயிரோடு இருக்கும்போதே தவணை முறையில் பிரித்துக் கொண்டிருக்கிறீர்கள். வீடு கடைசித் தவணை.

முதலில், அந்தச் சொல்லே உண்மையில்லை. உங்களுடையது இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் சுயசம்பாத்தியச் சொத்து மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமமாகப் போகும். உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. 90 லட்சத்தில் மகனுக்கு “எப்படியும்” வருவது 30 லட்சம். மகளுக்குப் போட்ட நகை அவருடைய பங்கைக் கழிக்காது. மகன் கேட்பது தனக்கு வரப்போவதை முன்கூட்டியே அல்ல. அம்மாவின் பங்கையும் தங்கையின் பங்கையும் சேர்த்து. (அக்காவா தங்கையா என்று நீங்கள் எழுதவில்லை. கடிதத்தில் மகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி.)

இரண்டாவது, வரி. இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கு வரி கிடையாது. இறந்தவரின் சொத்துக்குப் போட்டுவந்த எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். செலவு என்று பார்த்தால், தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட்டுக்குத்தான் செலவு: முத்திரைத் தீர்வை 40,000 ரூபாய் வரை, பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய் வரை. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை.

இனி பத்திரத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் மஞ்சள் பையில் பத்திர நகலோடு என்னிடம் வந்தார். மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது “மாற்றி எழுத” எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். மூன்றாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். “புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது” என்ற வரியைச் சத்தமாகப் படித்தார். அதற்கு அடுத்த வரி, இந்தப் பத்திரத்தை எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை என்பது. அங்கே குரல் நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்ட அன்று எழுத்தர் கடகடவென்று வாசித்திருப்பார். பெரியவர் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

உயிலுக்கும் செட்டில்மெண்ட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். உயிலை நாளைக் காலையே கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். கடைசியாக எழுதியது செல்லும். பதிவான செட்டில்மெண்ட்டை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 23-ஆம் பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் பெற்றோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொண்டது. ஆனால் உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. உங்கள் ஆயுட்கால உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்தில் எழுதினால் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். ஆகவே கடனுக்காக எழுதப்படும் பத்திரத்தில் அந்த வரிகள் இருக்காது. உங்களைக் காப்பாற்றக்கூடிய இரண்டு வரிகளை எடுத்துவிட்டுத்தான் கையெழுத்து கேட்பார்கள்.

50 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, 15 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். அப்பாவிடம் 15 லட்சம் வாங்கிய தொழில் மாதம் 55,000 கட்டுமா? 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன். 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். மகன் நல்லவராக இருந்தாலும் இது நடக்கும். நான் பார்த்த வழக்குகளில் பாதிக்கு மேல் மகன்கள் நல்லவர்கள்தான்.

இன்னொன்று, எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. வீடு மகன் பெயருக்குப் போன பிறகு அவர் உங்களுக்கு முன்னால் உயில் இல்லாமல் போய்விட்டால் யாருக்குச் சேரும்? அவருடைய தாய்க்கு, மனைவிக்கு, பிள்ளைகளுக்கு. சொத்து முதலில் போய்ச் சேரும் முதல் வகை வாரிசுகளின் பட்டியலிலேயே தகப்பன் இல்லை. செங்கல் செங்கலாகக் கட்டியவர் இரண்டாம் வகை வாரிசு.

உங்கள் மாதக் கணக்கைப் பார்க்கிறேன். வீட்டுச் செலவு 35,000 என்று வேறோர் இடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 44 லட்சம் அப்படியே இருந்திருந்தால் வட்டி மாதம் 29,000 வரை வந்திருக்கும். ஓய்வூதியம் 3,000 சேர்த்தால் ஏறக்குறைய சமாளித்திருக்கலாம். இப்போது 29 லட்சத்துக்கு 19,000 வரும், ஓய்வூதியத்தோடு 22,000. மாதம் 13,000 பற்றாக்குறை, ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அசலில் கைவைக்கிறீர்கள். இதில் விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்கவில்லை. உங்கள் மனைவிக்கு உங்களைவிட ஐந்து வயது குறைவு. அந்த ஆண்டுகளுக்கும் பணம் வேண்டும்.

இந்த நிலையில் ஆண்டுக்கு 3 லட்சம் பிரீமியமாம். பற்றாக்குறையோடு சேர்த்தால் முதல் ஆண்டே நான்கரை லட்சம் குறையும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். கூட்டிக் கழித்தால் ஆறாவது ஆண்டில் பிரீமியம் கட்டக் காசு இருக்காது. திட்டமோ பத்து ஆண்டு. 68 வயதில், உங்களை நம்பிச் சிறு குழந்தைகள் யாரும் இல்லாத நிலையில், உங்கள் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் காசை எடுத்து வாரிசுக்குக் காப்பீடு வாங்குவதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது விற்பவருக்கான கமிஷன்தான். அந்த வங்கிக்குப் போனால் பாஸ்புத்தகம் பதிந்துகொண்டு வந்துவிடுங்கள், நாற்காலியில் உட்காராதீர்கள்.

உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாள் போதும். நல்ல நினைவோடு நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாகவும், உயிலில் பங்கு இல்லாதவர்களாகவும் இருக்கட்டும். உங்கள் வயதுக்காரர்களையே போட்டால் நாளைக்கு அவர்களைத் தேட வேண்டிவரும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பின்னால் “அப்பாவுக்கு நினைவு சரியில்லை” என்று யாராவது கிளம்பும்போது உதவும்.

வீட்டை முழு உரிமையோடு மனைவிக்கு எழுதுங்கள் என்பது என் கருத்து. ஆயுட்கால உரிமை மட்டும் கொடுத்தால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்க அவர் பிள்ளைகளின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். அவரும் தனியாக ஓர் உயில் எழுதட்டும். பிள்ளைகள் இருவருக்கும் பின்னால் சமமாகப் போக வேண்டுமென்றால் மகன் வாங்கிய 15 லட்சத்தையும் கணக்கில் சேருங்கள். இன்றைய மதிப்பில் வீடு 90, கையிருப்பு 29, கொடுத்தது 15, ஆக 134 லட்சம். ஆளுக்கு 67. மகன் 15 வாங்கிவிட்டார், மீதி 52. கையிருப்பு நீங்கள் வாழ்ந்து தீர்ப்பதற்குத்தான், ஆகவே கடைசியில் தொகை மாறும். ஆனால் இந்தக் கழித்தல் உயிலில் எழுத்தில் இருக்கட்டும், மகனுக்கும் தெரியட்டும். அடுத்த முறை கேட்பதற்கு முன் அவரே கணக்குப் போடுவார்.

வைப்புத்தொகைகளில் நாமினி மகன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மனைவி பெயருக்கு மாற்றுங்கள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், வாரிசு அல்ல. ஆனால் அவர் கையில் போன பணத்தை உங்கள் மனைவி வழக்குப் போட்டு வாங்குவாரா என்ன? 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். உங்களுக்கு ஒருவரே போதும்.

மனைவியின் பயத்தைப் பற்றி: அவரிடம் உயில் என்று சொல்லாதீர்கள். “நான் இல்லாவிட்டாலும் உன்னை இந்த வீட்டிலிருந்து யாரும் கிளப்ப முடியாதபடி ஒரு தாள் எழுதப் போகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள்.

மகனிடம் வீடும் இல்லை, ஜாமீன் கையெழுத்தும் இல்லை என்று ஒரே நாளில் சொல்லிவிடுங்கள். ஜாமீன்தாரரும் கடன்காரருக்குச் சமமாகப் பொறுப்பு. ஒன்றை மறுத்து மற்றொன்றுக்கு இணங்கினால் பயனில்லை. என் பேரைச் சொல்லித் திட்டுங்கள், பரவாயில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. வீட்டின் மூலப் பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. “வங்கியில் காட்டிவிட்டுத் தருகிறேன்” என்று மகன் ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தால், உயிலுக்கும் முன்னால் அதை வாங்கி உள்ளே வையுங்கள். அப்படியே ஒரு வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள்.