தெருவோர நாற்காலிக்கு என்ன விலை?

அன்புள்ள ஐயா,

நான் பாஸ்டனில் வசிக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. இங்கே செப்டம்பர் 1-ம் தேதி பாதி ஊர் வீடு மாறும். மாணவர்கள் அதிகம் இருக்கும் ஆல்ஸ்டன் பகுதியில் மேஜை, நாற்காலி, விளக்கு, புத்தக அலமாரி என்று எல்லாம் நடைபாதையில் குவிந்து கிடக்கும். ‘ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். முதலில் என் வீட்டுக்கு ஒரு மேஜை எடுத்தேன். அப்புறம் எடுத்ததைத் துடைத்து, திருகு முடுக்கி, வார்னிஷ் பூசி ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விற்க ஆரம்பித்துவிட்டேன். இங்கே படிக்க வந்திருக்கும் அக்கா மகனும் உதவிக்கு வருகிறான். செலவு போக நல்ல காசு நிற்கிறது.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. “ஊருக்குத் தெரிந்தால் குப்பை பொறுக்குகிறார் என்பார்கள்” என்கிறாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் நண்பர் ஒருவர், “சும்மா கிடந்ததை எடுத்துப் பாவப்பட்ட மாணவர்களிடமே காசுக்கு விற்கிறாயே, இலவசமாகக் கொடுத்தால் என்ன?” என்று கேட்டது உறுத்துகிறது. குப்பைமேட்டுக்குப் போவதைத் தடுக்கிறேனே, அதுவே ஒரு சேவைதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். போன மாதம்கூட ஐகியா கம்பெனியின் பழைய மால்ம் வகை டிராயர் அலமாரி ஒன்று, கீறல் இல்லாதது, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு 60 டாலருக்குப் போனது. நான் செய்வது சரியா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

விற்பது சரி. சேவை என்று சொல்லிக்கொள்வதுதான் எனக்கு ஒட்டவில்லை.

நண்பரின் கேள்விக்கு உங்கள் ஊரே பதில் வைத்திருக்கிறது. அமெரிக்கா முழுக்கக் கடை பரப்பியிருக்கும் குட்வில் அமைப்பு பாஸ்டனில்தான் பிறந்தது. 1902-ல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் வசதியானவர்கள் வீட்டிலிருந்து பழைய துணியையும் தட்டுமுட்டுச் சாமானையும் சேகரித்தார். வேலை இல்லாத ஏழைகளை வைத்து அவற்றைச் சரிசெய்து விற்றார். சும்மா வந்த பொருள்தான். விலை வைத்ததால்தான் தைத்தவருக்கும் ஆணி அடித்தவருக்கும் கூலி கொடுக்க முடிந்தது. அந்தக் காசு அவர்களுக்குப் போனது, உங்களுடையது உங்கள் பைக்குப் போகிறது. அந்த வித்தியாசம் உண்மை. அதனால்தான் உங்களுடையதைத் தொழில் என்கிறேன். தொழில் செய்வதில் என்ன கூச்சம்?

ஒரு மர நாற்காலியை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 1 காலையில் அது யாருக்கும் வேண்டாம். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் புது வீட்டுச் சாவிக்குக் காத்திருப்பவன், அதை ஏற்றிப் போகும் லாரி வாடகைக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். (அந்த வாடகை லாரிகளில் ஏதாவது ஒன்று வருடம் தவறாமல் ஸ்டாரோ டிரைவ் சாலையின் தாழ்வான பாலத்தில் கூரை உரிந்து நிற்கும் என்பது வேறு கதை.) இரண்டு மூன்று வாரம் கழித்து, அதே தெருவில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு மாணவனுக்கு நாற்காலி தேவைப்படுகிறது. நடுவில் ஒருவர் அதை மழையில் நனையாமல் எடுத்து, இடம் கொடுத்து வைத்து, ஆடும் காலைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டிப் புதிதாக ஒட்டி, கயிறு கட்டி ஒரு ராத்திரி இறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். உங்களுக்குக் கிடைப்பது இதற்கான காசு. நண்பர் இலவசமாகக் கொடுக்க நினைத்தால் அவருக்கும் அதே நடைபாதை திறந்துதான் கிடக்கிறது. ஒன்று மட்டும்: நீங்கள் வேனை நிறுத்தும்போது ஒரு பையன் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றால், அதை அவனுக்கு விட்டுவிடுங்கள்.

சரி, குப்பை குறைகிறதா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 2018-ல் அங்கே தூக்கியெறியப்பட்ட வீட்டு மரச்சாமான், திரைச்சீலை வகையறா 1.2 கோடி டன். அதில் 80 சதவீதம் குப்பைமேட்டில் புதைந்தது, மீதியில் பெரும்பகுதி எரிந்தது. உங்கள் வேன் இதை அசைக்காது. தவிர, நீங்கள் விற்ற மேஜையால் ஒருவர் புது மேஜை வாங்காமல் இருந்தால்தான் அது மிச்சம். ஆசையில் அள்ளி வந்து விற்க முடியாமல் திரும்பத் தெருவில் வைப்பதெல்லாம் குப்பையை ஊர்வலம் கூட்டிப் போவதுதான்.

அதனால் குறைவாக எடுங்கள். டிராயரை முழுக்க வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். பலகைகள் விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருந்தால் அநேகமாக நல்ல மரம், உழைப்புக்குப் பலன் உண்டு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒரு மழையில் ஊதிவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது. மெத்தை, சோபா பக்கமே போகாதீர்கள். மூட்டைப்பூச்சி தீனி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மரச்சாமானிலும் திருகு ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், மைப்புள்ளி போலக் கறுப்பாக இருந்தால் தொடவே வேண்டாம். மாசச்சூசெட்ஸில் 2022 நவம்பரிலிருந்து மெத்தையைக் குப்பையோடு சேர்க்கவே தடை. எடுத்துவிட்டால் உங்கள் தலையில்தான் விடியும்.

சட்டம். தெருவில் வைத்த குப்பையை யாரும் எடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1988-ல் சொல்லிவிட்டது என்று சொல்லித் திரிகிறார்கள். அந்த வழக்கு, போலீஸ் வாரண்ட் இல்லாமல் குப்பைப் பையைச் சோதிக்கலாமா என்பது பற்றியது. எடுப்பதற்கு ஊருக்கு ஊர் தனி விதி உண்டு, உங்கள் நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். லாபத்துக்கு வரி கட்டுங்கள். 15 டாலருக்கு வாங்கிய பழைய பியானோவுக்குள் ஏழு வருடம் கழித்து 4,467 டாலர் நோட்டுகளைக் கண்டெடுத்த தம்பதியையே 1969-ல் ஓஹையோ நீதிமன்றம் வரியிலிருந்து விடவில்லை. அக்கா மகன் மாணவர் விசாவில் இருந்தால் இந்த வியாபாரத்தில் பங்கும் வேண்டாம், கூலியும் வேண்டாம். விசா போனால் எந்த நாற்காலியும் ஈடாகாது.

உங்கள் மனைவி சொல்வதை அசட்டுத்தனம் என்று ஒதுக்க மாட்டேன். நம் ஊரில் பழைய சாமான் வாங்குகிறவர் வாசலுக்கே வந்துவிடுவதால் நல்ல பொருள் தெருவுக்கு வருவது குறைவு. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய உதிரிபாகத்தைப் பேரம் பேசி வாங்க யாருக்கும் வெட்கமில்லை. கழற்றுகிறவர் வீட்டில் சம்பந்தம் பேசத்தான் யோசிப்பார்கள். நம் அருவருப்பு பொருளைத் தொடுகிற கையின் மேல், அதில் சாதி இருக்கிறது. நியூயார்க்கில் நெல்சன் மொலினா என்ற துப்புரவுத் தொழிலாளி, தன் குப்பை வண்டிப் பாதையில் கிடைத்த ஓவியங்களையும் பொம்மைகளையும் முப்பது வருடத்துக்கு மேல் சேர்த்து, ஈஸ்ட் ஹார்லெம் வண்டிக் கொட்டடியின் மாடியில் பல்லாயிரம் பொருள்களை அடுக்கி வைத்தார். ஒன்றையும் விற்க முடியாது, துப்புரவுத் துறை விதி. அவர் பொறுக்கியதைப் பார்க்க அந்த மாடிக்கு ஆட்கள் வந்தார்கள். அந்தப் படங்களை உங்கள் மனைவிக்குக் காட்டிப் பாருங்கள்.

கடைசியாக அந்த மால்ம் அலமாரி. உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அதுதான். 2016 ஜூனில் ஐகியா அமெரிக்காவில் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரோடு பொருத்தாமல் விட்ட அலமாரியில் குழந்தை டிராயரை இழுத்து ஏறினால் அது முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2002 ஜனவரியிலிருந்து 2016 ஜூன் வரை வந்த மால்ம் வகைகள் அந்தப் பட்டியலில் உண்டு. அப்படித் திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பது அமெரிக்காவில் சட்டவிரோதம், தெருவில் கிடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. ஒருபக்கம் இறங்கும் கதவு வைத்த பழைய தொட்டில்களுக்கும் 2011-லிருந்து விற்பனைத் தடை இருக்கிறது.

விற்றபோது பேசிய செய்திகள் மார்க்கெட்பிளேஸில் இன்னும் இருக்கும். இன்றைக்கே அந்த வீட்டாருக்கு எழுதுங்கள். அலமாரியைக் குழந்தை போகாத அறையில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, தேதியைச் சரிபாருங்கள். பட்டியலில் இருந்தால் 60 டாலரைத் திருப்பிக் கொடுத்து, வேனில் போய் நீங்களே இறக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.