முதலில் பாதத்தைப் பாருங்கள்

கனடாவில் மிசிசாகாவுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பேச்சு, ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஏழு வயது மகளும் வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாள், எந்த ஆட்டங்களிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் அக்கா என்று கேட்டிருந்தீர்கள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் உரிமையோடு கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் தஞ்சாவூரிலிருந்து டொரோன்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்தது 2009 கடைசியில். முதல் குளிர்காலத்திலேயே வான்கூவர் ஒலிம்பிக்ஸ் வந்தது. ஆண்கள் போட்டியின் இறுதிச் சுற்றைத் தொலைக்காட்சியில் போட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொருவராக வந்து எகிறிச் சுற்றினார்கள். ரஷ்யாவின் பிளஷென்கோ காற்றில் நான்கு சுற்று சுற்றினார், அவருக்கு வெள்ளி. நான்கு சுற்றை முயலவே முயலாத அமெரிக்கர் லைசசெக்குக்குத் தங்கம். ஏன் என்று எங்களுக்கு விளங்கவே இல்லை. இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று டிவியை அணைத்துவிட்டோம்.

சில நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்கு மேல் இருக்கும், மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா பேஸ்மென்ட் கதவைத் தட்டி எங்களை மேலே கூப்பிட்டார். கியூபெக்கைச் சேர்ந்த ஜோனி ரோஷெட் ஆடப் போகிறார் என்றார். மகளின் ஆட்டத்தைப் பார்க்க வான்கூவர் வந்திருந்த அவருடைய அம்மா, இரண்டு நாள் முன்புதான் மாரடைப்பில் இறந்திருந்தார். அந்தப் பெண் பனியில் வந்து நின்றபோது அரங்கமே எழுந்து கை தட்டியது. டேங்கோ இசைக்கு ஆடினார். ஆட்டம் முடியும்வரை முகத்தில் ஒரு தடுமாற்றம் இல்லை. இசை நின்றது, அப்படியே உடைந்து அழுதார். இரண்டு நாள் கழித்து வெண்கலம் வாங்கினார். அன்றைக்கு அந்தச் சோபாவில் உட்கார்ந்து நானும் அழுதேன். அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வந்து நான்கு மாதம்கூட ஆகாத சமயம் எனக்கு.

ஆனாலும் உங்கள் முதல் ஆட்டமாக அதைச் சொல்ல மாட்டேன். கதை தெரிந்தால் யாருக்கும் கண் கலங்கும். ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வது வேறு. அந்தக் கண் கிடைத்த பிறகு ரோஷெட்டைப் பாருங்கள். கலங்கிய மனதோடு அந்தக் கால்கள் எவ்வளவு தெளிவாக வேலை செய்தன என்பது அப்போதுதான் தெரியும்.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அரைமண்டி சரியாக உட்காரவில்லை என்றால் மேலே கை எவ்வளவு அழகாகப் பிடித்தாலும் நிற்காது. ஸ்கேட்டிங்கிலும் முழங்கால் மடிப்பும் பாதமும்தான் அஸ்திவாரம். காலணிக்கு அடியில் இருக்கும் கத்தி சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். அதன் நடுவில் நீளவாக்கில் மெல்லிய பள்ளம் இருப்பதால் ஒரே கத்திக்கு உள்பக்கம் ஒரு விளிம்பு, வெளிப்பக்கம் ஒரு விளிம்பு. இதைத்தான் எட்ஜ் என்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர் ஏதாவது ஒரு விளிம்பில் உடம்பைச் சாய்த்து, உதைக்காமலே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருப்பார். வேகம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் தேர்ச்சி.

அதனால் ஜோடியாக ஆடும், ஜம்ப்பே இல்லாத ஐஸ் டான்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் ஆட்டம், 1984 சரயேவோ ஒலிம்பிக்ஸில் இங்கிலாந்தின் ஜேன் டோர்வில், கிறிஸ்டோபர் டீன் ஜோடி ராவெலின் பொலேரோ இசைக்கு ஆடியது. இரண்டு பேரும் நாட்டிங்ஹாம்காரர்கள். டீன் போலீஸ்காரராக இருந்தவர், டோர்வில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர்கள் முழங்காலிட்டபடி ஆரம்பிப்பதைக் கவனியுங்கள். விதிப்படி அனுமதித்த நேரத்தைவிட அவர்களுடைய இசை 18 விநாடி நீளம். கத்தி பனியில் பட்டு ஆட ஆரம்பித்த பிறகுதான் கடிகாரம் ஓடும் என்பதால், அந்த 18 விநாடியையும் முழங்காலில் இருந்தபடியே ஆடிக் கழித்தார்கள். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது கணக்குக்காகச் செய்ததாகவே தோன்றாது. இரண்டு பேர் மெல்ல விழித்தெழுவது போல இருக்கும். ஒரே தாளம், ஒரே மெட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும், இவர்களும் கூடவே ஏறுவார்கள். கலைக்கான மதிப்பெண்ணில் ஒன்பது நடுவர்களும் முழு 6.0 கொடுத்தார்கள். நுட்பத்துக்கும் மூன்று பேர் கொடுக்க, மொத்தம் பன்னிரண்டு முழு மதிப்பெண். அந்த ஸெட்ரா அரங்கம் பின்னால் போஸ்னியப் போரில் சிதைந்து போய், மறுபடி கட்டப்பட்டது. முப்பது வருடம் கழித்து, 2014இல், இருவரும் அங்கேயே போய் அதே ஆட்டத்தை ஆடினார்கள்.

இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாவது தடவை நான்கு பாதங்களை மட்டும் பாருங்கள். எல்லா ஆட்டத்துக்கும் இதையே வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். வர்ணனையை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்து நம்ம ஒன்டாரியோ பிள்ளைகள், டெஸ்ஸா வர்ச்யூவும் ஸ்காட் மொயரும். உங்கள் ஊரிலிருந்து 401 நெடுஞ்சாலையில் போனால் இரண்டு மணி நேரத்தில் வரும் ஒன்டாரியோ லண்டன் பக்கத்துக்காரர்கள். அவளுக்கு 7 வயது, அவனுக்கு 9 வயது இருக்கும்போது ஜோடி சேர்ந்தார்கள். அலுவலகத்தில் இந்த இரண்டு பேரைச் சொன்னாலே போதும், பேச்சு தானாக வளரும். எல்லாரும் 2018 பியோங்சாங்கில் மூலான் ரூஜ் படப் பாட்டுக்கு அவர்கள் ஆடிய ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். அது பிரமாதம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான் 2010 வான்கூவரில் மாலரின் ஐந்தாம் சிம்பொனிக்கு ஆடியதைத்தான் காட்டுவேன். மூலான் ரூஜில் பாட்டும் கதையும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். மாலரில் மெதுவான வயலின்தான் இருக்கும், எதையும் மறைக்க முடியாது. ஒருவர் கத்தியை ஒட்டி இன்னொருவர் கத்தி எவ்வளவு நெருக்கமாகப் போகிறது, அவ்வளவு நெருக்கத்திலும் வேகம் எப்படிக் குறையாமல் இருக்கிறது என்று பாருங்கள். வட அமெரிக்காவுக்கு ஐஸ் டான்ஸில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அதே போட்டியில் வெள்ளி வாங்கிய அமெரிக்க ஜோடி மெரில் டேவிஸ், சார்லி வைட். தங்கம் வாங்கியவர்களும் இவர்களும் மிச்சிகனில் ஒரே ரிங்க்கில், அதாவது ஒரே பனித்தளத்தில், ஒரே பயிற்சியாளர்களிடம் கற்றவர்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அந்த வருடம் ஒரு சுற்றில் நாட்டுப்புற நடனம் ஆட வேண்டும் என்று விதி. இவர்கள் இந்தி சினிமாப் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, இந்திய நடன ஆசிரியர் ஒருவரிடம் போய்க் கழுத்து அசைவும் கை முத்திரையும் கற்றுக்கொண்டு ஆடினார்கள். நம்ம பரதம் இல்லைதான். ஆனாலும் பார்த்தால் உழைப்பு தெரியும், பார்வை எங்கே போக வேண்டும் என்றுகூடக் கற்றிருக்கிறார்கள். அதே சுற்றில் ரஷ்ய ஜோடி ஒன்று ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் நடனம் என்று சொல்லி ஆடியது, அந்த மக்களின் தலைவர்களே மனம் நொந்து கண்டித்தார்கள். அடுத்தவர் கலையைத் தொடுகிறபோது எப்படித் தொட வேண்டும் என்பதற்கு இரண்டு பக்கமும் அன்று ஒரே மேடையில் இருந்தது. உங்கள் மகளோடு உட்கார்ந்து டேவிஸ், வைட்டைப் பாருங்கள், எழுந்து ஆட ஆரம்பித்துவிடுவாள்.

சரி, இப்போது ஜம்ப். கொரியாவின் கிம் யுனா, 2010, கெர்ஷ்வின் இசைக்கு நீல உடையில் ஆடியது. போட்டியின் இரண்டு சுற்றும் சேர்த்து 228.56 புள்ளி. இரண்டாவது வந்தவரைவிட 23 புள்ளி அதிகம். இவர் பயிற்சி எடுத்தது நம்ம டொரோன்டோவில், பெயரில் கிரிக்கெட்டும் இருக்கிற ஒரு கிளப்பில், பிரையன் ஓர்சரிடம். ஓர்சர் ஆட்டக்காரராக 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்ஸிலும் வெள்ளியோடு நின்றவர். அவரிடம் கற்றவர்கள் தங்கமாக வாங்கினார்கள்.

யுனா காற்றில் இருக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணாதீர்கள். அதெல்லாம் நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். எப்படி வந்து எகிறுகிறார், எப்படி இறங்குகிறார் என்று பாருங்கள். ஏறக்குறைய எல்லா ஜம்ப்பிலும் பின்பக்கமாக, ஒற்றைக் காலில், வெளி விளிம்பில் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு அந்தக் கால் வழுக்கிக்கொண்டு நீளமாகப் பின்னால் போனால் நல்ல ஜம்ப். இறங்கின இடத்திலேயே வேகம் செத்துப்போனால், எத்தனை சுற்று சுற்றினாலும் சுமார்தான். ஒரே ஒரு ஜம்ப்பை மட்டும் பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள், ஆக்ஸல். அது ஒன்றுதான் முன்பக்கம் பார்த்து எகிறுவது. இறங்குவது மட்டும் மற்றவை போலப் பின்பக்கமாக. அதனால் அரைச் சுற்று கூடுதல், மூன்று ஆக்ஸல் என்றால் உண்மையில் மூன்றரைச் சுற்று.

யுனாவுக்கு அடுத்து வந்தவர் ஜப்பானின் அசாடா மாவோ. அந்த ஒரே போட்டியில் மூன்று தடவை மூன்றரைச் சுற்று சுற்றினார். ஆனால் அவருடைய ஆட்டத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது 2014 சோச்சியில் நடந்தது. போட்டியின் முதல் சுற்றில் விழுந்து, தடுமாறி, 16ஆவது இடத்துக்குப் போய்விட்டார். பதக்கம் போயே போச்சு. மறுநாள் இரண்டாவது சுற்றில் ராஹ்மனினோவ் இசைக்கு ஆட வந்தார். அந்தச் சுற்றில் தன் வாழ்நாளிலேயே அதிகப் புள்ளி, 142.71, அன்றைக்கு எடுத்தார். மொத்தத்தில் ஆறாவது இடம்தான். கடைசியில் தலையை நிமிர்த்தி, அழுகையை அடக்க முடியாமல் நிற்பார். வெற்றி பெற்ற எத்தனையோ ஆட்டங்களை மறந்துவிட்டேன், ஆறாவது வந்த இந்த ஆட்டம் மறக்கவில்லை. உங்களுக்கு வேலையில் மனம் நொந்த நாளிலோ, பனியில் பஸ்ஸைத் தவறவிட்ட நாளிலோ இதைப் போட்டுப் பாருங்கள்.

பேட்ரிக் சான் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனது கேட்காது. ஹாங்காங்கிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒட்டாவாவில் பிறந்து டொரோன்டோவில் வளர்ந்த பிள்ளை. மூன்று முறை உலக சாம்பியன். 2013 பாரிஸ் போட்டியில் அவர் 295.27 எடுத்து அன்றைய உலக சாதனை வைத்த ஆட்டத்தைப் பாருங்கள். நான் மேலே சொன்ன விளிம்புச் சாய்வு, உதைக்காமல் வரும் வேகம், எல்லாம் அதில் பாடம் போல இருக்கும். புலம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இந்த நாட்டின் கொடியோடு நிற்பதைப் பார்க்கும்போது நம்ம பிள்ளைகள் ஞாபகம் வரும்.

பிரான்ஸின் சூரியா போனாலி என்ற பெயரைப் பார்த்ததும் நானும் நம்ம பெண்ணோ என்று நினைத்தேன். இல்லை. 1998 நகானோவில், தடை செய்யப்பட்டிருந்த பின்குட்டிக்கரணத்தை அடித்து ஒற்றைக் காலில் இறங்கியவர். 2024இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். அந்தச் சில விநாடிகளை மகளுக்குக் காட்டுங்கள், நன்றாக வாயைப் பிளப்பாள். காற்றில் நான்கரைச் சுற்று சுற்றும் அமெரிக்கர் இலியா மாலினினையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலிலேயே அதைப் பார்த்தால் மற்றதெல்லாம் சின்னதாகத் தெரியும், அது அநியாயம்.

புள்ளிக் கணக்கு பற்றி ஆரம்பத்தில் கவலையே படாதீர்கள். விழுந்தவர் எப்படி ஜெயித்தார் என்று எல்லாரும் கேட்பார்கள். விழுந்தால் வழக்கமாக ஒரு புள்ளிதான் தனியாகக் கழிப்பார்கள், கடினமான ஜம்ப்பில் சரியாகச் சுற்றி முடித்திருந்தால் அதற்கு மதிப்பு மிச்சம் இருக்கும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

மகளைத் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். கேன்ஸ்கேட் என்ற வகுப்பைப் பெரும்பாலான ஊர்களில் நடத்துகிறார்கள். முதல் பாடமே விழுவதும் எழுந்திருப்பதும்தான். ஹாக்கி ஹெல்மெட் வேண்டும், சிஎஸ்ஏ என்ற கனடியத் தர முத்திரை இருக்க வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் ஆகாது. வளரும் பிள்ளை என்று நாம் எல்லாவற்றையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோம் இல்லையா, ஸ்கேட்டில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன். என் மகளுக்குக் கணுக்கால் உள்பக்கமாக மடிந்து, மூன்று வாரம் அழுதுகொண்டே போனாள். குறை அவளிடம் என்றே நினைத்துத் திட்டினேன். ஒரு டீச்சர்தான் காலணியை அழுத்திப் பார்த்து, அம்மா, இதில் இன்னொரு கால் நுழையும் என்றார். பழசாக இருந்தாலும் அளவாக வாங்குங்கள், கத்தியைச் சாணை பிடித்துக் கொடுங்கள். உங்களுக்கும் கனமான கோட் எடுத்துக்கொள்ளுங்கள், ரிங்க்கில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்குத்தான் குளிர் அதிகம்.

ஒன்று விட்டுவிட்டேன். இதற்கு ஏன் ஃபிகர் ஸ்கேட்டிங் என்று பெயர் தெரியுமா? ஒரு காலத்தில் பனியில் கத்தியால் வட்டமும் எட்டும் வரைய வேண்டும், அதே கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மார்கழி மாதத்தில் பக்கத்து வீட்டுக் கோலத்தைக் குனிந்து பார்த்த நமக்கு இது புரியாதா? 1990க்குப் பிறகு பெரிய போட்டிகளில் அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் கோடு இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

மிசிசாகா செலிப்ரேஷன் ஸ்கொயரில் குளிர்காலத்தில் இலவச ரிங்க் இருக்கிறது. ஸாம்போனி வண்டி வந்து பனியை வழித்துவிட்டுப் போகும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பனி கண்ணாடி மாதிரி இருக்கும். மகள் ஒற்றைக் காலில் இரண்டு அடி போகட்டும், அப்புறம் குனிந்து பாருங்கள். கத்தி நிமிர்ந்து தட்டையாகப் போயிருந்தால் பனியில் அருகருகே இரண்டு கோடு இருக்கும். கொஞ்சமாவது சாய்ந்து ஒரு விளிம்பில் போயிருந்தால் ஒரே கோடு, வளைந்து போகும். ஒன்றா இரண்டா என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள்.