புத்தகத்தை வைத்துவிட்டுப் போனவர்

அன்புள்ள சார்,

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வந்திருந்தேன். நீங்கள் ஸ்டாலில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் சிறுகதைத் தொகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் புரட்டுவதுபோல் நின்றேன். என்ன பேசுவது என்று மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். அப்புறம் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டேன். அறைக்கு வந்து அதே புத்தகத்தை ஆன்லைனில் வாங்கினேன். எனக்கு 29 வயது. பெருங்குடியில் வேலை, வேளச்சேரியில் தனி அறை. சென்னைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு ‘என்ன பண்றே’ என்று கேட்க ஒருவர் இல்லை. ஆபீசில் என்னைத் திமிர் பிடித்தவன் என்கிறார்களாம். மனிதர்கள் வேண்டும் என்றுதான் இருக்கிறது சார், பக்கத்தில் போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சங்ககாலத்து அரசன் கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும் பார்க்காமலே நண்பர்களாக இருந்தார்களே, அப்படி ஒன்று கிடைத்தால் போதும் என்று தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஸ்டால் விஷயம். அன்று நான் மூன்று மணி நேரம் அங்கே இருந்தேன். என்னிடம் பேசியவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் இரண்டு பேர் கேன்டீனுக்கு வழி கேட்டார்கள், ஒருவர் என் பேனாவை இரவல் வாங்கிக்கொண்டு போனார், பேனா இன்னும் திரும்பவில்லை. நீங்கள் நின்ற அந்தப் பத்து நிமிடமும் நான் என்ன செய்துகொண்டிருந்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: செல்போனைப் பார்ப்பதுபோல் பாவனை. யாராவது என் புத்தகத்தைத் தொட்டால் நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சம், பார்த்தால் ‘வாங்கிக்கோங்களேன்’ என்று கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று. ஆக நீங்கள் புரட்டுவதுபோல் நடிக்க, நான் போன் பார்ப்பதுபோல் நடிக்க, நடுவில் பாவம் அந்தப் புத்தகம். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தீர்களோ. ‘திமிர்’ என்றுகூட நினைத்திருக்கலாம்.

ஆபீசில் உங்களைச் சொல்வதும் இதே கணக்குத்தான். ஆள் வேண்டாம் என்று இருப்பவர் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். வேண்டும் என்பவருக்குத்தான் உள்ளங்கை வியர்க்கிறது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பேரும் உம்மணாமூஞ்சிகள்.

2018இல் ஓர் உளவியல் ஆய்வு வந்தது. முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராகச் சில நிமிடம் பேச வைத்து, அப்புறம் தனித்தனியாகக் கேட்டார்கள்: அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்? தன்னை எதிராளிக்குப் பிடித்த அளவைப் பொதுவாகக் குறைத்துத்தான் சொன்னார்கள். கூச்சம் அதிகம் உள்ளவர்கள் இன்னும் குறைத்தார்கள். ஒரே விடுதியில் தங்கிய மாணவர்களிடம் இந்தத் தப்புக்கணக்கு மாதக்கணக்கில் நீடித்ததாம். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி விஷயம்தான். ஒரே விடுதியில் படுத்து எழுந்துகொண்டு, ‘இவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல’ என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருப்பது.

சரி, பிசிராந்தையார். ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா’, அதாவது நட்புக்குச் சேர்ந்திருப்பதும் பழகுவதும் வேண்டாம், ஒத்த உணர்ச்சியே போதும் என்கிற குறளுக்கு உரை சொல்பவர்கள் இவர்களைத்தான் எடுத்துக்காட்டுவார்கள், நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன். கூச்சக்காரர்களுக்கு ரொம்ப வசதியான கதை இது, யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஆனால் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, பிசிராந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்று சொன்னதாகப் புறநானூற்றில் இருக்கிறது. வருவாரா என்று சுற்றி இருந்தவர்களுக்குச் சந்தேகம். அவர் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். பார்க்காமல் இருந்தது சரி, கடைசியில் கிளம்பி வந்தாரே.

மற்றபடி நாம் புலவருமில்லை அரசனுமில்லை. நமக்குப் பழகித்தான் ஆகவேண்டும். தமிழில் ‘பழக்கம்’ என்றால் தினமும் செய்வது, ‘அவர் எனக்குப் பழக்கம்’ என்றால் தெரிந்தவர். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதை நான் தொண்ணூறுகளில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோதுதான் கவனித்தேன். வந்து நான்கு மாதம், மெஸ்ஸில் ‘சாம்பார் போதும்’ என்பதைத் தவிர வாய் திறந்ததில்லை. தெருமுனை டீக்கடைக்கு மட்டும் தினமும் ஆறரை மணிக்குப் போவேன், பேச அல்ல, அறையில் ஃபேன் ஓடாது. ஒரு முறை காய்ச்சலில் மூன்று நாள் போகவில்லை. நான்காம் நாள் டீ மாஸ்டர் கிளாஸை நீட்டியபடியே, ‘என்ன, ஊருக்குப் போய்ட்டியா?’ என்றார். ‘காய்ச்சல்’ என்றேன். பெஞ்சில் இருந்த ஒருவர் எந்த டாக்டர் என்று கேட்டார், இன்னொருவர் அந்த டாக்டரைத் திட்டினார். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன், மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரைத் திட்டியவர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறார், பெரும்பாலும் முழங்கால் வலி பற்றி.

அதனால் ‘நண்பர் வேண்டும்’ என்று கிளம்பாதீர்கள், அது பெண் பார்க்கப் போவதுபோல் விறைப்பாகிவிடும். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்துக்குப் போய்க்கொண்டிருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூலகமோ, சாயங்காலம் ஷட்டில் ஆடுகிற மைதானமோ, எதுவோ. முதல் மாதம் ஒன்றும் நடக்காது. தலையசைப்பு வரவே மூன்று வாரம் ஆகும். சாமர்த்தியமாகப் பேச ஒத்திகை பார்க்க வேண்டாம், நீங்கள் ஸ்டாலில் மூன்று முறை ஒத்திகை பார்த்ததால்தான் நான்காவது முறை ஓடிப்போனீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீட்டிங்கை நினைத்து முதல் நாளே தூக்கம் போகிறது, இன்டர்வியூவுக்குப் போகாமல் இருந்துவிடுகிறீர்கள், நாலு பேர் முன்னால் சாப்பிடவே முடியவில்லை என்றெல்லாம் இருந்தால் அதற்கு என் டீக்கடைக் கதை போதாது. அது மருத்துவர் பார்க்க வேண்டிய பதற்றம், சிகிச்சையில் நன்றாகவே குறைகிறது. நம் ஊரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று கிண்டல் செய்து செய்தே நிறைய பேரைப் போகவிடாமல் பண்ணிவிட்டோம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். போன் பேசவே கூச்சமாயிற்றே என்பீர்கள், தெரியும். எதிரில் முகம் இருக்காது, அந்த அளவுக்கு லாபம்.

வருகிற ஜனவரியிலும் ஸ்டாலில் இருப்பேன், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் காலியாகத்தான் கிடக்கும். என்ன பேசுவது என்று யோசிக்காமல் கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேளுங்கள், நானே கூட வருகிறேன். கையெழுத்து வேண்டுமென்றால் பேனா மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.